கிணற்றடியைக் காட்டச் சொன்னார்கள்

ஸரீனா கேற்றுக்கு வெளியே நின்று கூப்பிட்டபோது, றொசானா தன் மாணவன் ஒருவனின் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். விடுமுறைக்குத் தோட்டவெளியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாலும் ஒல்லாந்துப் பல்கலைக்கழக வேலையும் கூடவே வந்திருந்தது. வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மறிச்சுக்கட்டியிலிருந்து பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"தங்கச்சி, நீங்கள் வரலாற்றுப் புரொபெசர் எண்டு சொன்னவை. செவ்வாய்க்கிழமை எங்கட காணிக்கு விசாரணை. வன இலாகா சொல்லுது, அது எப்பவும் காடுதானாம், ஒருத்தரும் குடியிருக்கேல்லையாம். உங்களைப் போல படிச்ச ஆள் வந்து ஒரு சொல்லுச் சொன்னா எடுப்பினம்."

தொண்ணூறாம் ஆண்டு மற்ற வடக்கு முஸ்லிம்களைப் போலவே ஊரோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்து திரும்பியவர்கள் அவர்கள். திரும்பி வந்தபோது வளவு முழுக்க மரங்கள் எழும்பியிருந்தன.

றொசானாவுக்கு எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. அவள் படித்தது அத்திலாந்திக்கின் இரண்டு கரைகளை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் என்ன பேசின, யார் யாரை நம்பினார்கள், எங்கே பிசகியது என்பதுதான் அவளுடைய துறை. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் தற்செயலாக எடுத்த ஒரு புத்தகத்தில் அது தொடங்கியது. சண்டை முடிந்த பிறகு ஆட்கள் மேசையைச் சுற்றி இருந்து, யாருக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு நிலக்கரி என்று பேசினார்கள் என்பதே அந்த வயதில் அவளுக்கு அதிசயமாக இருந்தது. பிறகு புலமைப்பரிசில், கலாநிதிப் பட்டம், ஒவ்வொரு வருடமும் முடிந்துவிடும் ஒப்பந்த வேலைகள், நாற்பது வயதில் ஒரு நிரந்தரப் பேராசிரியர் கதிரை. அந்தக் கதிரையைத் தந்தது அவளுடைய முதல் நூல். பெல்ஜியத் தூதுவர் ஒருவர், அமெரிக்கர்களுடன் நடந்த ஒரு சந்திப்பைப் பற்றி, யன்னலில் மழை அடித்தது வரைக்கும் நினைவாக எழுதிவைத்திருந்தார். அன்றைக்கு அவர் அந்த நகரத்திலேயே இருக்கவில்லை என்று றொசானா நிறுவினாள். அவர் பொய் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, தான் இருந்ததாகவே நம்பிவிட்டார் என்று எழுதினாள். அந்த வசனத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

"அக்கா, நான் படிச்சது வேற இடத்து வரலாறு. இலங்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதேல்ல."

ஸரீனா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். பிறகு, "உங்கட அப்பா மில்ரன் அண்ணன் மீன் லொறியோட எங்கட ஊருக்கு வாறவர். ஒருக்கா உங்களையும் கொண்டுவந்தவர். சரியான வெக்கை. எங்கட உம்மா உங்களைக் கிணத்தடியில இருத்தித் தலையில தண்ணி ஊத்தினவ. மறந்திட்டீங்களோ?" என்றாள்.

றொசானா மறக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர், கண்ணில் எரிந்த சவர்க்காரம், யாரோ ஒரு பெண்ணின் கையில் பச்சை வளையல்கள். அந்தக் கிணறு அவளிடம் எப்போதும் இருந்தது. எந்த ஊர் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

ஸரீனா போனதும் அம்மா சொன்னாள்: "அது நீயில்லைப் பிள்ளை. லொறியில திரிஞ்சது உன்ர அக்கா. உனக்கு லொறி மணம் பிடிச்சாலே சத்தி வரும்."

கனடாவில் இருந்த அக்கா டிலோஜினிக்கு றொசானா ரெலிபோன் எடுத்தாள். "கிணறோ? எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. நீதானேயடி சின்னனில அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனி" என்றாள் அக்கா. அப்பாவைக் கேட்கலாமென்றால் அவர் சேமக்காலைக் கல்லறையில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மறிச்சுக்கட்டிப் பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. போகாமல் இருக்க றொசானாவால் முடியவில்லை. அதிகாரி அமிர்தநாயகம் களைத்த மனிதர். மரியாதையாகவே கேட்டார்.

"மிஸ், உங்கட துறை என்ன?"

அவள் சொன்னாள். அவர் எழுதத் தொடங்கி நிறுத்தினார்.

"அந்தக் கடலுக்கும் இந்தக் காணிக்கும் தொடர்பு ஏதும்?"

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். "இல்லை" என்றாள்.

"அப்ப நிபுணராப் பதிய ஏலாது. நேரில கண்டிருந்தா சாட்சியாப் பதியலாம். இவையின்ர வீட்டை நீங்கள் கண்டனீங்களோ?"

ஓம் என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஸரீனாவின் கையில் வளையல் எதுவும் இல்லை. றொசானா அந்தப் பெல்ஜியக் கிழவரை நினைத்தாள். அவருடைய மகள் ஒருமுறை கடிதம் போட்டிருந்தாள், அப்பா சாகும்வரை அந்த மழையைப் பற்றிப் பேசினார் என்று. அதற்கு அவள் பதில் போடவில்லை.

"எனக்கு ஒரு கிணறு ஞாபகமிருக்கு. இவையின்ர கிணறுதானோ எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது."

"ஓமோ, இல்லையோ மிஸ்?"

"தெரியாது ஐயா."

மண்டபம் இரைந்தது. "இதைச் சொல்லவோ அங்கையிருந்து வந்தவ?" என்று ஒரு ஆண்குரல் கேட்டது. ஸரீனா மட்டும் நிமிரவில்லை. றொசானாவுக்கு வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

அமிர்தநாயகம் எழும்பினார். "எப்பிடியும் காணியைப் பாக்கத்தான் வேணும். கிணறு இருந்தா வீடும் இருந்திருக்கும். இவவே முன்னுக்கு நடந்து கிணத்தடியைக் காட்டட்டும். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

அவள் நடந்தாள். பின்னால் ஊரே வந்தது. சூரைமுள் சேலையைப் பிடித்து இழுத்தது. எல்லாம் ஒரே பற்றையாகத் தெரிந்தது. லொறி றோட்டில்தான் நின்றிருக்கும். நிழலுக்கு அந்தப் பெரிய பாலைமரம். அங்கிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போவதென்றால், நிலம் தாழ்கிற இடப்பக்கம். இது நினைவில்லை, கணக்கு என்று அவளுக்கே விளங்கியது. ஆனாலும் கால் இடப்பக்கம் திரும்பியது. கொஞ்சத் தூரத்தில், பின்னால் வந்த காலடிகளில் ஒன்று சட்டென்று நின்றதுபோல் இருந்தது. அது ஸரீனாவா? அதைக் கேட்டுத்தான் தான் நின்றாளா, அல்லது நின்ற பிறகுதான் அது கேட்டதா? திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

"இதிலதான்" என்று கையை நீட்டினாள். அது தன் குரல் போலவே இல்லை.

இரண்டு பேர் கத்தியோடு முன்னால் வந்து பற்றையை வெட்டத் தொடங்கினார்கள். உள்ளே கிணற்றுக் கல் இருக்கவேண்டும் என்று வேண்டுவதா, இருக்கக்கூடாது என்று வேண்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இல்லையென்றால் ஸரீனாவின் காணி போய்விடும், இருந்தால் அவளுடைய கணக்கு நினைவென்று பதியப்பட்டுவிடும். மூன்றாவது வெட்டில் பற்றை தானாக அசைந்தது. பெண் மயில் ஒன்று வெளியே வந்து, ஆட்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்தது. அதன் பின்னால் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டேயிருந்தன. வெட்டியவர்கள் கத்தியைத் தாழ்த்திப் பிடித்தபடி, அவை கடந்து முடியும்வரை காத்து நின்றார்கள்.