சோஸ் தேடிப் போன சனிக்கிழமைகள்

பிரபாலினியின் நாக்கு எப்படிப்பட்டது என்று தொழிற்சாலைக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான். பாடன் நகருக்கு வெளியே ஆற்றோரம் இருந்த அந்த உணவுத் தொழிற்சாலையில் அவள் ஆறு வருடங்களாகப் பைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் உணவகங்களுக்குப் போகும் பிரெஞ்சு முறைச் சோஸ் பைகள். சமையல்காரர் பையை வெட்டி, சூடாக்கி, இறைச்சியின் மேல் ஊற்றினால் போதும். ஒரு நாள் வெடித்துச் சிந்திய பையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், இதில் பால் அடிப்பிடித்திருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாள். சோதித்துப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரி. அடுத்த மாதமே அவளைச் சுவை பார்க்கும் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

புதிய வேலை ஒரு சிறிய தடுப்பறைக்குள். நிறத்தைப் பார்த்து மனம் ஏமாறக் கூடாது என்பதற்காக அங்கே சிவப்பு விளக்கு எரியும். வெள்ளைக் கிண்ணங்களில் மூன்று இலக்க எண்கள் மட்டும் எழுதியிருக்கும். ஒரு கரண்டி எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பி, வாய் கொப்பளித்து, புள்ளி போட வேண்டும். மாட்டெலும்பில் செய்த சோஸும் வரும். மாட்டிறைச்சியை அவள் வீட்டுக்குள் எடுப்பதில்லை. ஆனால் துப்பிவிடுவது சாப்பிட்டதாகாது என்று தனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

குழுவின் தலைவி பிரௌ ஏக்லி நல்ல மனுஷி. ஒரு வெள்ளை சோஸ் சரியாக வந்த நாளில், இது அசலுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிரபாலினி அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு போனாள். அசல் என்பதை அவள் ஒரு தடவையும் சாப்பிட்டதில்லை. ஒருவரை நேரில் பார்க்காமலே, அவருடைய படம் அவரைப் போல இருக்கிறதா என்று இத்தனை நாளும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததாக அவளுக்குப் பட்டது.

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின. அவளுடைய கணவன் துஷாந்தன் பாடனில் பஸ் ஓட்டுகிறவன். அதிகாலை வேலைக்காரன். வார நாட்களில் அவன் படுக்கும் நேரத்தில்தான் அவள் வீட்டுக்கு வருவாள். பிரெஞ்சுச் சாப்பாட்டை அடிமுதல் தாங்களே சமைக்கிற உணவகம் ஒன்றைத் தேடப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவன் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை மணி ரெயின் என்று மட்டும் கேட்டான். ரெயின் ஓல்டனைத் தாண்டுமுன் தூங்கிவிடுவான். அவள் ஜன்னலோரம் இருந்து, ஜெர்மன் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு போவாள்.

பேர்னில், ஃப்ரீபோர்க்கில், ஏரிக்கரைப் பட்டினங்களில் என்று பல இடங்களில் சாப்பிட்டார்கள். எங்கும் வெள்ளை மேசைவிரிப்பும் பளபளக்கும் கிளாஸ்களும் இருந்தன. முதல் கரண்டியிலேயே இது பை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஓரிடத்தில் சமையல்காரரே மேசைக்கு வந்து, இந்தச் சாறு இரண்டு நாள் அடுப்பில் கிடந்தது என்றார். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். அது அவள் கையாலேயே பெட்டியில் அடுக்கிய பை. கோபம் வரவில்லை. பொய்ப்பெயரில் வாழும் சொந்தக்காரரைத் தெருவில் கண்டது போலக் கூச்சமாக இருந்தது.

போகப்போகச் சில அடையாளங்களைக் கண்டுகொண்டாள். உணவுப் பட்டியல் நான்கு பக்கத்துக்கு நீண்டால் உள்ளே போகத் தேவையில்லை. கையால் எழுதியிருந்தால், அதிலும் ஏதாவது வெட்டியிருந்தால், கொஞ்சம் நம்பலாம். கேட்டது பத்து நிமிடத்தில் வந்தால் அது பை. பின்பக்கம் போய்க் குப்பை வாளியைப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். வெங்காயத் தோலும் லீக்ஸின் பச்சை வாலும் கிடக்க வேண்டும். துஷாந்தனும் குப்பை வாளிகளை எட்டிப் பார்க்கப் பழகினான். இவ்வளவு அடையாளம் தெரிந்தும் கோடை முழுவதும் ஓரிடமும் அகப்படவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை நொஷாத்தேல் வரை போய், அங்கிருந்து ஜூரா மலைக்கு ஏறும் மஞ்சள் தபால் பஸ்ஸைப் பிடித்தார்கள். ஏரி, வீடுகள், பாதை எல்லாம் மூடுபனிக்குள் இருந்தன. பஸ் வளைந்து வளைந்து வெண்மைக்குள்ளேயே ஏறியது. அன்று பிரபாலினிக்கும் கண் சொருகிவிட்டது. விழித்தபோது பஸ் ஒரு சிறிய ஊரில் நின்றுகொண்டிருந்தது. இறங்க நினைத்த இடம் எப்போதோ போய்விட்டது. இருவரும் அவசரமாக இறங்கினார்கள். அங்கே வெயில் அடித்தது. கீழே, தாங்கள் கடந்து வந்த உலகம் முழுவதும் பனிமூட்டம் கடலாகக் கிடந்தது. தொலைவில் ஆல்ப்ஸ் சிகரங்கள் தீவுகள் போல மிதந்தன. எங்கிருந்தோ மாட்டு மணியோசை வந்து வந்து நின்றது.

அந்த ஊரின் கடைசி வீட்டில் புகைபோக்கி புகைந்தது. கதவில் ஒரு கரும்பலகை. அதில் சோக்கட்டியால் ஒரே ஒரு வரி: சோறும் கோழியும்.

உள்ளே ஆறு மேசைகள் இருந்தன. ஒரு தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாவு படிந்த கைகளோடு குசினியிலிருந்து வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் பெயர் எலோடி. பிரபாலினிக்குச் சாப்பாட்டுப் பெயர்களைத் தவிரப் பிரெஞ்சு தெரியாது. எலோடிக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மன். இருவருக்கும் சொந்தமில்லாத அந்த மொழியில், சொற்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துப் பேசினார்கள். கோழி இன்னும் வேகவில்லை, ஒன்றரை மணி நேரம் ஆகும், இருப்பீர்களா என்று எலோடி கேட்டாள். இருப்போம் என்றாள் பிரபாலினி.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் எதுவுமே நடக்கவில்லை. வெயில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்தது. குசினிக்குள் ஏதோ மெதுவாகக் கொதித்தது. முதலில் வெங்காய வாசம் வந்தது. பிறகு கோழி, அதன் பிறகு பட்டரில் மாவு வறுபடும் வாசம். துஷாந்தன் அன்று தூங்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. அவனுடைய பஸ்ஸில் தினமும் ஏறி, ஒரு தரிப்பிடம் மட்டும் போய் இறங்கும் ஒரு மனிதரைப் பற்றி. தங்கள் பல்கனியில் கூடு கட்டிய புறாவைப் பற்றி.

தட்டு வந்தது. வெள்ளைச் சோறு, எலும்போடு வெந்த கோழி, மேலே பால் நிறத்தில் சோஸ். அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். பழக்கத்தில் நாக்கு பிரித்துப் பார்க்கத் தொடங்கியது: கோழிச் சாறு, கிறீம், எலுமிச்சை, சாதிக்காய். அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவள் விழுங்கினாள்.

துஷாந்தன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“என்ன பிரபா, உங்கடையோ?”

“இல்லையப்பா,” என்றாள். “இதை எனக்குத் தெரியாது.”

டிசம்பரில் மறுபடி போனார்கள். அதே கோழியும் சோறும்தான். ஆனால் சோஸ் வேறாக இருந்தது; கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் புளிப்பு. ஏதும் பிழையாகிவிட்டதா என்று பிரபாலினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். எலோடிக்குக் கேள்வியே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கோழி வேறுதானே என்றாள். அது வயது போன கோழி, கிறீம் தந்த மாடு இப்போது புல் தின்பதில்லை, வைக்கோல்தான் தின்கிறது என்றாள். தொழிற்சாலையில் இரண்டு கிண்ணங்களுக்கு நடுவில் இப்படி ஒரு வித்தியாசம் வந்திருந்தால் முழுத் தொகுதியையும் கொட்டியிருப்பார்கள். பிரபாலினி ரெயினில் வரும்போது அதை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

ஜனவரியில் குழுக் கூட்டம் நடந்தது. நீங்கள் சாப்பிட்டதிலேயே நல்ல சோஸ் எது என்று பிரௌ ஏக்லி ஒவ்வொருவரையும் கேட்டார். எப்போதும் இரண்டு சொல்லில் பதில் சொல்லும் பிரபாலினி அன்று பத்து நிமிடம் பேசினாள். பனிக்கடல், கரும்பலகை, வாசங்கள் வந்த வரிசை எல்லாவற்றையும் சொன்னாள். ஊரின் பெயரையும் சொன்னாள். யாரோ அதைக் குறித்துக்கொண்டதை அவள் கண்டாள். ஆனால் அப்போது அவள் மனம் அங்கே இல்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, சிவப்பு விளக்கின் கீழ் 482 என்று எழுதிய கிண்ணம் வந்தது. கரண்டியை வாயில் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது எலோடியின் கை. அந்த எலுமிச்சை, அந்தச் சாதிக்காய். தடுப்பறையின் சுவர்கள் விலகி, வெயில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்தது. இரண்டாவது கரண்டியும் அதுவேதான். மூன்றாவதும் அதுவே. இனி எத்தனை கரண்டி எடுத்தாலும் அதுவாகவே இருக்கும் என்று தெரிந்தபோதுதான் அவள் துப்பினாள். நல்ல சோஸ். பொய்ப் புள்ளி போட அவளுக்கு வரவில்லை. பத்துக்கு ஒன்பது போட்டாள்.

பெப்ரவரியிலேயே ஒரு வியாழக்கிழமை இரண்டு பேரை அந்த ஊருக்கு அனுப்பிச் சாப்பிட வைத்து, மிச்சத்தைப் பெட்டியில் கொண்டுவந்து ஆராய்ந்ததாகப் பிரௌ ஏக்லி பெருமையோடு சொன்னார். உன்னால்தான் கிடைத்தது என்று கைகொடுத்தார்.

வீட்டில் அவள் அதைத் துஷாந்தனிடம் சொன்னாள்.

“அந்த எலோடிப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேணும்,” என்றான்.

“சொன்னால் இனி எங்களை உள்ளுக்கு விடமாட்டா.”

“விடாட்டில் பரவாயில்லை. வேறை ஆரும் சொல்லி அவ அறியக் கூடாது. நானும் வாறன்.”

மே மாதம். மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூக்கள் பூத்திருந்தன. எலோடி வாசலில் நின்று குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பிரபாலினி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். தான் எங்கே வேலை செய்கிறாள், கூட்டத்தில் என்ன பேசினாள், கிண்ணத்தில் என்ன வந்தது, எத்தனை புள்ளி போட்டாள் என்பது வரை. ஜெர்மன் சொற்கள் இடையிடையே காணாமல் போயின. எலோடி கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போவதா நிற்பதா என்று தெரியாமல் இருவரும் முற்றத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஒன்று வந்து போனது. துஷாந்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நெடுநேரத்துக்குப் பிறகு எலோடி மூன்று தட்டுகளோடு வெளியே வந்து தானும் அவர்களோடு உட்கார்ந்தாள். முகம் இன்னும் தெளியவில்லை.

“எந்த நாள் வந்தார்கள்?” என்று கேட்டாள்.

பிரபாலினி சொன்னாள். எலோடி நினைவுபடுத்திப் பார்த்தாள். இரண்டு பேர், ஒரே சாப்பாடு, பாதியைத் தின்னாமல் பெட்டியில் கேட்டவர்கள். அன்று குழந்தைக்குக் காய்ச்சல். பானையை அடுப்பில் மறந்துபோய், சாறு வற்றிக் கடுத்ததை மறைக்க எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழிந்திருந்தாள்.

“என் மோசமான நாளைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்,” என்றாள். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஆனால் நீ என்னிடம் முதலில் கேட்டிருக்கலாம்.”

“ஓம்,” என்று பிரபாலினி தமிழிலேயே சொன்னாள். எலோடிக்கு அது விளங்கியது.

மூவரும் சாப்பிட்டார்கள். அன்றைய சோஸில் இளம் புல்லின் வாசம் இருந்தது. தட்டுகளை எடுக்கும்போது எலோடி, செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு என்றாள். எல்லைக்கு அப்பால், பிரான்சில், ஒரு மனிதர் ஆற்று மீனை அரைத்துக் கொழுக்கட்டை போலப் பிடித்து அவிக்கிறாராம். தனக்குச் சமைக்க அலுத்துப்போனால் அங்கேதான் போய்ச் சாப்பிடுவாளாம். நீங்களும் வாருங்கள் என்றாள். ஆனால் அந்த ஊரின் பெயரை அங்கே போய்ச் சேரும்வரை சொல்லமாட்டேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. பிரபாலினியும் அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இருவரும் லீவு எடுத்தார்கள். எலோடியின் பழைய காரைத் துஷாந்தன் ஓட்டினான்; இவ்வளவு சின்ன வண்டியை ஓட்டிப் பல காலம் என்றான். எலோடி பக்கத்தில் இருந்து இடம், வலம் என்று கையால் காட்டினாள். பின்சீட்டில் குழந்தை பிரபாலினியின் விரல் ஒன்றைப் பிடித்தபடி தூங்கியது. காட்டுக்குள் வெயிலும் நிழலும் மாறி மாறிக் காரின் மேல் விழுந்தன. எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. எந்த மரத்தோடு ஒரு நாடு முடிந்து மற்றது தொடங்கியது என்றுகூடத் தெரியவில்லை. ஊர்ப் பலகை ஒன்று வந்தபோது பிரபாலினி வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்தாள்.

ஒரு பாலத்தருகே எலோடி நிறுத்தச் சொன்னாள். ஆறு கரைவரை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த வீட்டின் கதவு இன்னும் திறக்கவில்லை. திறந்திருந்த குசினி ஜன்னலுக்குள் யாரோ ஒருவர் எதையோ உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. மதியத்துக்கு இன்னும் நேரமிருந்தது. அவர்கள் பாலத்தின் கல்லில் வரிசையாக உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.