ஊசிக்குன்றில் பதின்மூன்றாவது நிமிடம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

கோதண்டபாணி, செயலாளர்.
ஏகாம்பரம், செயலாளரின் மச்சான்.
புஷ்பவல்லி, குறிப்பு எழுதுபவர்.
பலாப்பழம், தணிகாசலத்தின் நாற்காலியில்.

வராதவர்: தணிகாசலம்.

புஷ்பவல்லி இதை வாசித்து முடித்தபோது தணிகாசலம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். உட்கார நாற்காலி இல்லை.

"நான் வந்திருக்கேன் மேடம்."

"வரலைன்னு எழுதியிருக்கே."

"எழுதினது நீங்கதானே?"

"எழுதினப்புறம் நான் என்ன பண்ண முடியும்?"

கோதண்டபாணி பேனாவால் மேசையைத் தட்டினார். "வராதவங்க பேசக் கூடாது. வராதவங்க எல்லாரும் வந்திருக்கேன்னுதான் சொல்லுவாங்க. விஷயத்துக்கு வருவோம்."

கொளத்தூர் நீலவேணி அடுக்ககத்தின் ஞாயிறு உலாக் குழு இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு. காரில் ஏறிச் சென்னையை விட்டு வெளியே போவார்கள். அழகான ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார்கள். திட்டம் முழுவதும் கோதண்டபாணியுடையது. கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுவார். 4.50 கிளம்புதல். 7.10 இட்லி. 7.31 கை கழுவுதல். 11.40 முதல் 11.52 வரை இயற்கையை ரசித்தல். இதுவரை ஒரு நிமிடம் பிசகியதில்லை. இடங்களுக்கும் அது தெரியும். அவர் கார் வரும் நேரத்துக்குச் சரியாக அருவிகள் விழத் தொடங்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊசிக்குன்றுக்குப் போனார்கள். தணிகாசலத்துக்கு அப்போது ராத்திரி ஷிப்ட். தூங்காமல் நேராகக் காரில் வந்து ஏறினான். வழியில் கோதண்டபாணி ஒரு பலாப்பழம் வாங்கினார். அது உருண்டுகொண்டே இருந்தது. இறங்கும்போது தணிகாசலம் அதைத் தன் இருக்கையில் தூக்கி வைத்து, பெல்ட் போட்டு, தன் துண்டையும் சுற்றிக் கட்டிவிட்டுப் போனான். அவன் செய்த ஒரே தப்பு அதுதான்.

குன்றின் உச்சியில் ஒரு சிமெண்ட் அறை உண்டு. நீல இரும்புக் கதவு. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு ஜன்னல். ஜன்னலில் ஓர் ஏரி, அதன் அக்கரையில் பனைகள், பனைகளுக்கு நடுவே அஸ்தமிக்கும் சூரியன். காலை பதினொன்றே முக்காலுக்கும் அது அஸ்தமித்துக்கொண்டுதான் இருக்கும். பன்னிரண்டு நிமிடம் முடிந்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. தொட்டதும் போகலாம் என்று தணிகாசலம் இன்னும் ஒரு நிமிடம் இருந்தான். அது தொடவில்லை.

அவன் ஓடி வந்தபோது கோதண்டபாணி முன் இருக்கையில் உட்கார்ந்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். குழுவின் விதி அது. எண்ணாமல் வண்டி நகராது. எண்ணி முடித்தபின் யாரும் ஏற முடியாது.

"நான் ஒண்ணு. புஷ்பவல்லி ரெண்டு. மச்சான் மூணு."

விரல் பலாப்பழத்தின் மேல் போயிற்று. அங்கே நின்றது. கோதண்டபாணி கண்ணாடிக்கு வெளியே தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலமும் அவரைப் பார்த்தான். பிறகு அவர் மணியைப் பார்த்தார்.

"நாலு," என்றார். "கணக்கு சரியா இருக்குப்பா."

கார் போய்விட்டது. அந்த விரல் நின்றது ஒரே ஒரு நொடி. தணிகாசலம் மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்தது அந்த ஒரு நொடியைத்தான்.

அறைக்குக் காவல் மரகதம். இடுப்பில் சாவிக்கொத்து, மடியில் எப்போதும் தொடுக்காத கனகாம்பரம். "வாப்பா," என்றாள். "ஆள் இல்லாம திண்டாடிக்கினு இருந்தேன்."

"எதுக்கு ஆளு?"

"யாராவது பாத்துக்கினே இருக்கணும்ல? பாக்காட்டி அது அணைஞ்சிடும். அப்புறம் டவுன்ல இருந்து வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டுவேன்?"

"எத்தினி நேரம் பாக்கணும்?"

"வேற ஆளு வர்ற வரைக்கும்."

கதவைப் பூட்டினாள். தணிகாசலம் மூன்று வருடம் அந்தச் சூரியனைப் பார்த்தான். விழித்திருக்கப் பழகியவன் என்பதால் மரகதத்துக்கு அவன் மேல் குறை இல்லை. அழகான காட்சிதான். அதில் சந்தேகமில்லை. அதைத் திட்டுவதற்குத் தமிழில் இருக்கும் எல்லாச் சொற்களும் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டன.

போன ஞாயிறு மரகதம் கதவைத் திறந்தாள். "ஏழு நாள் லீவு. அடுத்த ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்குள்ள ஆளோட வா. இல்லாட்டி நீ வா."

ஆறு நாள் போய்விட்டன. முதல் நாளே அவன் தன் வீட்டுக்குப் போனான். கதவைத் தட்டினான். பலாப்பழம் திறக்கவில்லை. விசாரித்ததில், அதுதான் அவனுடைய ராத்திரி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பொறுமையை மெச்சி மேலாளர் ஒரு கோப்பை கொடுத்திருந்தார். ஆரணியில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்தான்.

"யாரு?" என்றாள்.

"அண்ணன் பேசறேன்."

"போய்யா. எங்கண்ணன் இப்பல்லாம் குறுக்க பேசறதே இல்ல. சொல்றத ஒழுங்கா காது குடுத்துக் கேக்குது." வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவன் தன் இடத்தைத் திரும்பக் கேட்கும் எண்ணத்தை விட்டுவிட்டான். அது நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அவனுக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் யார் என்பதில் அவனுக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

கூட்டத்தில் கோதண்டபாணி வரைபடத்தை விரித்தார். "நாளைக்கு எங்க போறோம்?"

"எல்லா எடமும் பாத்தாச்சே மாமா," என்றார் ஏகாம்பரம்.

"ஊசிக்குன்று," என்றான் ஜன்னலோரத்தில் இருந்த தணிகாசலம்.

வராதவன் சொன்னது குறிப்பில் ஏறாது. அதனால் அது கோதண்டபாணியின் யோசனையாக ஏறியது. அவருக்கே அது பிடித்திருந்தது.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கேன்," என்றார். "ஆனா டிரைவர் இல்லையே. பழைய டிரைவர் எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. டிரைவரை எண்ணும் வழக்கம் குழுவில் இல்லை. அவரை எந்த ஊரில் விட்டார்கள் என்று குறிப்பில் இல்லை.

"நான் ஓட்டறேன் சார்," என்றான் தணிகாசலம்.

கோதண்டபாணி அவனை மேலும் கீழும் பார்த்தார். "வராதவன் ஓட்டலாமா புஷ்பவல்லி?"

புஷ்பவல்லி விதிகளைப் புரட்டினாள். "எண்ணாத ஆள்தானே சார். ஓட்டலாம்."

மறுநாள் 4.50க்குத் தணிகாசலம் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். கோதண்டபாணி பனிக்கு மங்கி கேப் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினார். பின்னால் புஷ்பவல்லி, ஏகாம்பரம், பலாப்பழம். "நாலு. சரி." எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

இட்லி 7.10க்கு வந்தது. திண்டிவனம் இரண்டு முறை வந்தது. கோதண்டபாணி அதையும் எதிர்பார்த்து நேரம் ஒதுக்கியிருந்தார். இரண்டாவது திண்டிவனத்தில் காபி நன்றாக இருந்தது. சாலையோரம் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். தணிகாசலம் இறங்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். மற்ற பழங்கள் தட்டினால் சத்தம் கொடுத்தன. ஒன்று மட்டும் 'மணி என்ன?' என்று கேட்டது. அதை எடுத்துக்கொண்டான்.

"ஏற்கனவே ஒண்ணு இருக்கே. எதுக்குய்யா இன்னொண்ணு?" என்றார் கோதண்டபாணி.

"எனக்கு சார்."

"டிக்கில போடு. உருளும்."

11.40க்கு உச்சியில் இருந்தார்கள். வெயில் ஏறியதால் கோதண்டபாணி மங்கி கேப்பைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினார். அறைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னலில் சூரியன் பனைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பன்னிரண்டு நிமிடம் ரசித்தார். ஏகாம்பரம் கொட்டாவி விட்டார். புஷ்பவல்லி மட்டும் ஏரியைப் பார்த்தாள். அவள் எதையும் எழுதவில்லை.

11.52க்கு எல்லாரும் எழுந்தார்கள். வாசலில் மரகதம் ஒரு தாளை நீட்டினாள்.

"இன்னா இது?" என்றார் கோதண்டபாணி.

"வந்திருந்ததுக்குப் படிவம். பெரியவரா ஒருத்தர் எழுதணும்."

"போன தடவ இல்லையே?"

"போன தடவ ஆள் வுட்டுட்டுப் போனீங்க. அதனால கேக்கல."

கோதண்டபாணிக்குப் படிவம் என்றால் உயிர். மற்றவர்களைக் காருக்கு அனுப்பிவிட்டுப் பேனாவை எடுத்தார். பெயர். ஊர். இருக்கிறீர்களா? ஆம். எவ்வளவு நாளாக? அறுபத்தொரு வருடம். சாட்சி யார்? சற்று யோசித்துத் தன் பெயரையே எழுதினார். கடைசிக் கேள்வி: உள்ளே என்ன பார்த்தீர்கள்?

பேனா நின்றது. அவர் வாழ்நாளில் எந்தப் படிவத்திலும் பொய் எழுதியதில்லை.

"ஏரி," என்றார்.

"ஏரில இன்னா இருந்திச்சு?" என்றாள் மரகதம்.

அவருக்குத் தெரியவில்லை. "இரும்மா, ஒரு நிமிஷம். பாத்துட்டு வந்துடறேன்." திரும்ப உள்ளே போனார்.

தணிகாசலம் டிக்கியைத் திறந்தான். இரண்டாவது பலாப்பழத்தைத் தூக்கி வந்து முன் இருக்கையில் உட்கார்த்தினான். பெல்ட் போட்டான். டாஷ்போர்டில் இருந்த மங்கி கேப்பை எடுத்து அதன் தலையில் மாட்டினான். முள் குத்தாமல் நன்றாகப் பொருந்தியது.

"மணி 11.53 ஆயிடுச்சு மேடம்," என்றான்.

செயலாளர் இல்லாத நேரத்தில் குறிப்பு எழுதுபவர் எண்ண வேண்டும். கோதண்டபாணி போட்ட ஒன்பதாம் விதி அது. புஷ்பவல்லி விரலை நீட்டினாள். "நான் ஒண்ணு. ஏகாம்பரம் சார் ரெண்டு. தணிகாசலம் மூணு." பின்சீட்டுப் பலாப்பழத்தைத் தாண்டி முன் இருக்கைக்கு விரல் போயிற்று.

அது நிற்கவே இல்லை.

"செயலாளர் நாலு. சரி."

கோதண்டபாணி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏரில ஒரு கொக்கு இருந்துச்சு! கதவைத் தெற."

"எண்ணியாச்சு சார்," என்றாள் புஷ்பவல்லி.

"நான் இங்க நிக்கறேன் புஷ்பவல்லி."

"வரலைன்னு எழுதிட்டேன் சார்."

"மச்சான்! நீயாவது சொல்லு."

ஏகாம்பரம் முன் இருக்கையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியேயும் பார்த்தார். "மாமா இங்கதானே உக்காந்திருக்காரு," என்றார். "குல்லா போட்டிருக்காரே."

கோதண்டபாணி பலாப்பழத்தைப் பார்த்தார். நான்கு இருக்கையையும் தானே ஒருமுறை எண்ணினார். இன்னொரு முறை பின்னாலிருந்து எண்ணினார். இரண்டு முறையும் நான்குதான் வந்தது. அவர் முகம் தளர்ந்தது. கணக்கு சரியாக இருந்தால் அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

தணிகாசலம் காரை விட்டு இறங்கினான். எண்ணாத ஆள் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம்.

"தணிகாசலம்," என்றார் கோதண்டபாணி. குரல் தாழ்ந்திருந்தது. "உன் நாற்காலிய உனக்கே வாங்கித் தர்றேன்பா."

"அதுல ஆள் இருக்கு சார்."

"அன்னிக்கு நான் வேணும்னு பண்ணல."

"வெரல் நின்னுச்சு சார்."

கோதண்டபாணி தன் விரலைப் பார்த்தார். மணி பார்க்கக் கையைத் தூக்கினார். தணிகாசலம் அந்தக் கையைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றினான். அவர் சின்னப் பிள்ளை போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"டயம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறாது சார். சாயங்காலம்தான்."

மரகதம் நீலக் கதவைத் திறந்து பிடித்திருந்தாள். கோதண்டபாணி வாசலில் ஒரு கணம் நின்றார். "எத்தன நிமிஷம்?" என்றார். உள்ளே போய் பெஞ்சில், தணிகாசலம் மூன்று வருடம் உட்கார்ந்து பள்ளமான இடத்தில், உட்கார்ந்தார். சூரியன் தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. அவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக அவசரமில்லாமல் ஜன்னலைப் பார்த்தார்.

மரகதம் சாவிக்கொத்தை நீட்டினாள். "நீயே பூட்டேன்பா. ஆசையா இருக்கும்."

தணிகாசலம் கதவை இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டான். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினான். பிறகு பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.