கேற்றடி வீட்டின் முன்கதவு

இராஜேந்திரனுக்கு வாய்த்ததைப் போல ஒரு வீடு லண்டனில் வேறெந்த யாழ்ப்பாணத்தானுக்கும் வாய்த்ததில்லை. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு பழைய பிரபுவின் தோட்டம். மாளிகை முதியோர் இல்லமாகியிருந்தது. காலையில் கேற்றைத் திறந்து மாலையில் பூட்டுகிற வேலை. அந்த வேலைக்காரன் குடியிருக்கவென்று கேற்றடியில் நின்ற விக்டோரியா காலத்துக் காவல் வீட்டை 1986இல் அவரிடம் கொடுத்தார்கள்.

சின்ன வீடுதான், ஆனால் என்ன எடுப்பு! செங்குத்தான கூரை, அதன் விளிம்பில் சரிகை போல மரவேலை, வீட்டின் அளவுக்குப் பொருந்தாத உயரத்தில் புகைபோக்கி, கல் வளைவுக்குள் ஓக் மரக் கதவு. சோடனை முழுக்கத் தெருப்பக்கம். பின்பக்கம் வெறும் செங்கல். ஊரில் படவரைஞராக இருந்தவர் அல்லவா, மனைவி பாமாவை முன்யன்னலடியில் நிறுத்தி விளக்குவார்.

"பாரும், எதிர்த்தெரு நேரை எங்கடை வாசலுக்கு வருது. வண்டி வாறதைக் காவல்காரன் தூரத்திலையே காணவேணும் எண்டுதான் இப்பிடிக் கட்டினவங்கள்."

பாமா அந்த யன்னலடியில் இருந்துதான் தேத்தண்ணி குடிப்பாள்.

அந்த வருடத்திலேயே ஒருநாள், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து அவருடைய மூத்த சகோதரர் பத்மநாதன் அண்ணை வந்தார். வாசலில் நின்றபடியே தலையில் கை வைத்தார்.

"தெருக்குத்தடா! தெரு வந்து கதவிலை குத்துது. இஞ்சை பிள்ளை எப்பிடித் தங்கும்?"

பாமாவுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அந்தப் புண்ணிலா கை வைக்கவேண்டும், பாவி மனுசன்! தெருவைப் பார்க்கவென்றே கட்டிய வீடு இது என்று தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணை சொல்லுக்கு மறுசொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

இல்லத்து மேலாளர் விடுமுறையில் போயிருந்த ஒரு கிழமையில், இராஜேந்திரன் கதவைப் பெயர்த்து, வளைவைச் செங்கல்லால் அடைத்து, பின்னால் சமையற்குசினிப் பக்கம் புதுவாசல் வெட்டினார். பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும் என்ற காகிதத்தில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். படித்த மனுசனுக்குப் புத்தி எங்கே போயிற்று?

"வேண்டாமப்பா, எனக்கு அந்தக் கதவு வேணும்" என்று பாமா அழுதாள்.

"எல்லாம் உமக்காகத்தான்" என்றார்.

ஒரு மாதத்துக்குள் வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. மிச்சத்தில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தார்கள். பிள்ளை அங்கேயும் தங்கவில்லை.

1993இல் அண்ணை பார்க்கிங்கில் சொந்த வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். உள்ளே போகுமுன் இராஜேந்திரன் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தார். எதிர்த்தெரு நேராக வந்து அண்ணையின் கதவடியில் முடிந்தது.

"அண்ணை, இதுவும் தெருக்குத்துத்தானே?"

"ஓம், அதுக்கென்ன? யன்னலிலை தெருவைப் பாத்தபடி பிள்ளையாரை வைச்சிட்டன். தோஷம் போச்சு."

"எனக்கு நீங்கள் அதைச் சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லையே! கதவை உடைப்பாயெண்டு நான் கண்டனானே?" என்று சிரித்தார் அண்ணை.

இராஜேந்திரன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். ஏழு வருடமாக விதி என்று நினைத்து ஆற்றியிருந்த மனம் அன்றைக்குக் கிடந்து எரிந்தது. திரும்பி வருகையில் பஸ்ஸில் பாமா அவர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா தந்துவிட்ட பிள்ளையார் அப்பவும் எங்களிட்டை இருந்தவர்" என்றாள். "குசினித் தட்டிலை. நீங்கள் வாசல் வெட்டேக்கை, தூசி படுமெண்டு நான்தான் தூக்கி அலுமாரிக்குள்ளை வைச்சனான்."