மொட்டைத் தலையில் சந்தனம்

திருப்பதி ரயில் நிலையத்தில் மொட்டைத் தலைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழந்தைகள் உதவி மையத்தில் வேலை செய்யும் தபிதாவும் பார்ப்பதில்லை. துணையில்லாமல் திரியும் பிள்ளைகளையும், யாரோ ஒருவர் எங்கேயோ கூட்டிப் போகும் பிள்ளைகளையும் பிடித்து நிறுத்துவது அவள் வேலை. பரட்டைத் தலை, கிழிந்த சட்டை என்று தேடியே அவள் கண் பழகியிருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை என்றால் மலைக்குப் போய்விட்டு வருகிற குடும்பம்தானே? அதனால்தான் பெங்களூர் வண்டிக்குக் காத்திருந்த அந்தச் சிறுமியையும், பக்கத்தில் அதே சந்தன மொட்டையோடு உட்கார்ந்திருந்த ஆளையும் காலையிலிருந்து தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

சிறுமி தண்ணீர்க் குழாய்க்கு வந்தபோது தபிதா சும்மா பேச்சுக் கொடுத்தாள்.

“மலையில மொட்ட போடச்சே அழுதியாடி?”

“மலைக்கெல்லாம் போலக்கா. தோ, எதிர்க்க சலூன்ல போட்டாங்க. ரெண்டு பேருக்கும்.”

தபிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரு உங்க நைனாவா?”

“நைனான்னு கூப்டணுமாம். பெங்களூர்ல பட்டறை வேலைக்கு இட்டுக்கினு போறாரு.”

அவள் கையை விடாமலே தபிதா ரயில்வே போலீஸ்காரர் கிரண்குமாரைக் கூப்பிட்டாள். அந்த ஆள் எழுந்து கூட்டத்துக்குள் புகுந்தான். “ஏய் மொட்ட, நில்லு!” என்று கிரண்குமார் கத்தியதில் பிளாட்பாரத்தில் பாதித் தலைகள் திரும்பின. அவனைத் தவிர.

சிறுமியின் பெயர் காஞ்சனா. பிச்சாட்டூர் ஏரியில் மீன் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளை. மையத்து அறையில் உட்கார வைத்து, ஊருக்கே அனுப்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகத் தபிதா சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“வாணாங்கா. ஸ்கூல்ல பின்னாடி தனியா குந்த வெப்பாங்க. ஓட்டல்ல வெளியவே நின்னு வாங்கிக்கணும். இங்க மொட்ட போட்டப்பறம் உள்ள கூப்ட்டு, டேபிள்ல குந்த வெச்சு இட்லி போட்டாங்க. துன்னுட்டு எழுந்தா, ‘இன்னொன்னு வைக்கட்டாம்மா’ன்னு கேட்டாங்க.”

குழந்தைகளுக்கான சட்டங்கள் தபிதாவுக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் ஒன்றைக்கூட இப்போது எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஓட்டல்காரர் எதைப் பார்த்து இவளை உள்ளே கூப்பிட்டாரோ, அதைப் பார்த்துத்தான் அவளும் காலையில் தாண்டிப் போனாள்.

“முடி எப்பக்கா மொளைக்கும்?”

“சீக்கிரமே மொளைச்சிடும் கண்ணு,” என்றாள் தபிதா, ஆறுதலாகத்தான்.

மின்விசிறிக் காற்றில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மடியில் விழுந்த தூளைக் காஞ்சனா எச்சில் தொட்ட விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து, மறுபடியும் தலையில் பூசிக்கொண்டாள்.