பின்வாசல் பூட்டைப் பற்றி ஊசி சொன்னது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்தி எழுத எனக்கு மூன்று நாள் ஆகும். என் நாத்தனார் மைக்கைப் பிடித்தால் மூன்றே நிமிடத்தில் அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பகலில் ஆடைத் தொழிற்சாலையில் தையல், ஞாயிறு மாலைகளில் புத்தகக் கடை மாடியில் ஸ்டாண்ட்-அப் காமெடி. மேடையில் அவள் பெயர் ஊசி. என்னையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"எங்க அண்ணி எழுத்தாளர். அவங்க கதையில கடைசிப் பக்கத்துக்குள்ள எல்லாரும் செத்துடுவாங்க. சில சமயம் படிக்கிறவங்களும்."

போன மாதம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். நாற்பத்தொரு வயது. (இதைக் கடைசிப் பக்கத்தில் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.)

2

முதல் தொடக்கம்: 'பயம் என்றால் என்னவென்றே அறியாத...'

அடித்துவிட்டேன். சுத்தப் பொய். அவள் மேடையேறவிருந்த தொழிற்சாலை ஆண்டு விழாவுக்கு முந்தைய மாலை எங்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை நான்கு தடவை மடித்தாள்.

"அண்ணி, நாளைக்கு என் வேல போயிடும்."

"அப்போ அதைச் சொல்லாதயேன்."

"பின்வாசல்ல பூட்டுத் தொங்குது அண்ணி. உள்ள நூத்தியிருபது பேர் தைக்கிறோம். மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. சிரிச்சாலாவது காதுல ஏறுதான்னு பாக்குறேன்."

3

விழாவில் நான் இல்லை. ('முதலாளியின் முகம் சிவந்து...' என்று தொடங்கிய வாக்கியம் அதனால் பாதியில் நிற்கிறது.) அங்கிருந்த தையல்காரப் பெண்கள் மூவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

முதலாளி முன்வரிசையில் இருந்தார். குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்லியிருந்தார்கள். ஊசி மைக்கைப் பிடித்தாள்.

"எங்க கம்பெனியில ஒழுங்கு அதிகம். பின்வாசல் எப்பவும் பூட்டுதான். தீப்பிடிச்சாலும் நெருப்பு முன்வாசல் வழியா வந்து, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும். லேட்டா வந்தா அரை நாள் லீவு!"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் இறங்கவில்லை, சும்மா நின்றாள். கடைசி வரிசையில் இஸ்திரி போடும் பெண் ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு அரங்கம் முழுவதும் சிரித்தது.

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அதே வாரம் பூட்டும் இல்லை.

4

இந்தக் கதையில் நான் நம்பாத பாத்திரம் ஒன்று உண்டு: என் கணவர், ஊசியின் அண்ணன். அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். முந்தைய வரைவுகளில் அவரை உள்ளேயே விடவில்லை. படித்துவிட்டுக் கேட்டார்:

"நான் எங்க?"

"நீங்க எதுக்கு?"

"சாவி என்கிட்டதான இருந்துச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"எழுதிக் குடுத்த மூணு மனுவையும் வாங்கி டிராயர்ல போட்டதே நான்தான். மேடையில என் பக்கம் ஒரு தடவ பாத்தா. பேரச் சொல்லிடுவான்னு உக்காந்திருந்தேன். சொல்லல."

"இதை எடுத்துடவா?"

"எடுக்காத. எழுது."

முதலாளிக்கு அஞ்சாத துணிச்சலை எழுதத்தான் உட்கார்ந்தேன். சபை முழுவதும் சிரிப்புக்குக் காத்திருக்க, தன் அண்ணனைத் தொடாமல் விட்டது அதைவிடக் கடினமா, அல்லது அவள் செய்த ஒரே கோழைத்தனமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே அவள்தான்.

5

முடிவு அ: முதலாளி உத்தரவிட்டார், என் கணவர் பூட்டைத் திறந்தார்.

முடிவு ஆ: உத்தரவு வருவதற்கு முன்பே திறந்துவிட்டார்.

கேட்டால் பதில் சொல்ல மறுக்கிறார். ஊசிக்கு நினைவுக்கூட்டம் நாளை மாலை, அதே புத்தகக் கடை மாடியில். அவளுடைய மேடை நண்பர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுகிறார்கள். பட்டியலில் ஆறாவதாகத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார் இவர். ஆயுளில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத மனிதர், இப்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சொல்லிப் பார்க்கிறார். காதை வைத்துக் கேட்டேன். குழாய்ச் சத்தம்தான் கேட்கிறது.

என்னால் இதற்கு மேல் எழுத முடியாது. நாளை நீங்கள் வாருங்கள். அவர் சொல்வது நகைச்சுவையாக இல்லாவிட்டாலும், முதலில் சிரிக்க ஒருவர் வேண்டும்.