ஹரோ மண்டபத்துக் காற்றாலை

1

இந்தக் கதை ஒரு பொன்னாடைக்குள்ளிருந்து வந்தது. லண்டன் ஹரோவில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. அழைத்த எழுத்தாளர் வரவில்லை. அவருக்கு வாங்கிய பொன்னாடையை எனக்குப் போர்த்தி மேடையில் இருத்தினார்கள். பக்கத்தில் றூபினி டீச்சர் செய்த மாதிரிக் காற்றாலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆதியில் காற்று இருந்தது. அது மனித குலத்தின்…'

(வேண்டாம். பள்ளித் தலைவர் கிறிஸ்துநாயகம் பேசுவதுபோல் இருக்கிறது.)

2

விசயம் இதுதான். ஆழத் தோண்டினால் தண்ணீர் ஊறும். அந்நாளில் சில சுரங்கங்களில் அதை இறைத்தது காற்று. மேலே இறக்கைகள் சுற்ற, கீழே பம்பின் தண்டு ஏறி இறங்கும். காற்று நின்றால் காத்திருக்க வேண்டும். வருமா என்று தெரியாத ஒன்றை நம்பி நிலத்துக்குள் இறங்கியவர்களுக்காக எழுந்து நிற்கத் தோன்றுகிறது. (நின்றேன். பொன்னாடை விழுந்தது.)

றூபினி அதைக் கண்ணாடித் தொட்டியில் செய்திருந்தார். இறக்கைகள், லண்டன் காற்று பிய்த்த குடைத்துணி. கழுத்தளவு தண்ணீரில் பிளாஸ்டிக் தொழிலாளர்கள். மேல் குழாயால் தண்ணீர் வழியவேண்டும். வழியாவிட்டால் அடுத்த வருடம் அறிவியலுக்கு மேடை இல்லை என்று தலைவர் சொல்லியிருந்தார்.

3

"ஃபானைப் போடட்டே, அண்ணை?" என்று தலைவரிடம் கேட்டார் றூபினி.

"குத்துவிளக்கு நூர்ந்து போம், பிள்ளை. ஒரு திரிக்கு ஒரு பிரமுகர் கொளுத்தினது."

"அப்ப இது எப்பிடிச் சுத்தும்?"

"நான் காற்றைப் பற்றித்தானே பேசப்போறன்!"

தலைவர் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, காற்றின் மகிமையைப் பேசத் தொடங்கினார்.

4

றூபினி இறக்கையைக் கையால் சுற்றிவிடுவதாக ஒரு பத்தி எழுதினேன். (அடித்துவிட்டேன். "அது கள்ளம்" என்று சொல்லக்கூடியவர் அவர்.)

அப்போதுதான் நம்மவர்கள் வரத் தொடங்கினார்கள். அழைப்பிதழில் போட்ட நேரத்தை அழைப்பிதழோடு வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள். கதவு திறந்தது. காற்று புகுந்தது. இறக்கைகள் சுற்ற, குழாயில் தண்ணீர் ஏறியது. கதவு மூடியது, ஏறிய தண்ணீரை வால்வு பிடித்துக்கொண்டது. பிறகு அடுத்த குடும்பம்.

"கதவைச் சாத்துங்கோ!" என்றார் தலைவர், சுடரைக் கையால் மறைத்தபடி.

"ஆறுதலா வாங்கோ, அன்ரி! வடிவா முழுசாத் திறவுங்கோ!" என்றார் றூபினி.

5

முடிவு ஒன்று: தலைவரே இறங்கிப்போய்க் கதவை… (நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: தண்ணீரும் வழிந்தது, விளக்கும் அணையாமல்… (இரண்டையும் கொடுக்க எனக்கு மனமில்லை.)

தண்ணீர் வழிய இன்னும் ஒரு விரல் உயரம். தலைவர் 'இறுதியாக' என்று சொல்லிவிட்டார். மண்டபத்தில் ஒரு கதிரைதான் காலி. றூபினி வாசலையே பார்க்கிறார். வெளியே நல்ல காற்று.

எல்லோரும் வந்துவிட்டார்கள். பிந்தியது நீங்கள்தான். கதவின் கைப்பிடி குளிராக இருக்கும். நம்முடைய வழக்கத்துக்கு மாறாக மெல்லத் திறந்துவிடாதீர்கள்.