முப்பத்தெட்டுக் கோழிகளின் ஒரு நாள்

வேப்பங்காட்டுப்புதூரில் ஒரு வீட்டில் எத்தனை கோழிகளோ, அந்த வீட்டின் நாளுக்கு அத்தனை மணி நேரம். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதல் கோழி வெளியே வந்து தன் மணி நேரத்தை நடத்திவிட்டு ஒதுங்கும், அடுத்தது வரும். கடைசிக் கோழி ஒதுங்கியதும் அந்த வீட்டுக்கு நாள் முடிந்துவிடும். சேவல்கள் கணக்கில் சேராது. அவை கூவுவதோடு சரி.

பஞ்சாயத்து அலுவலகத்தில் நான்கு கோழிகள். ஒன்று பூட்டைத் திறக்கும் நேரம், ஒன்று பூட்டும் நேரம், நடுவில் உள்ள இரண்டும் சாப்பாட்டு நேரம். மனு கொடுக்கப் போகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டு, மனுவோடு சோற்றையும் கட்டிக்கொண்டு போனார்கள்.

தெய்வசிகாமணி வீட்டில் முப்பத்தெட்டுக் கோழிகள். ஊரிலேயே நீளமான நாள் அவருடையதுதான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் நாளை முடித்துப் படுத்த பிறகும் அவர் கூரைமேல் மட்டும் வெயில் நின்றுகொண்டிருக்கும். கல்யாண வீடுகளில் அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, "முப்பத்தெட்டு மணிக்காரருங்க" என்று அறிமுகப்படுத்துவார்கள். அவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னத்தைங்க, அதுவும் பத்தறதில்லீங்க" என்பார். பாவம், உண்மையிலேயே பற்றவில்லை. பதினாறு மணி நேரம் தூங்கி, ஒன்பது மணி நேரம் தேநீர் குடித்து, ஏழு மணி நேரம் அரசாங்கத்தைத் திட்டி, மிச்சமுள்ள ஆறில் சாப்பிட்டு வெற்றிலை போட்டு நிமிர்ந்தால் நாள் போய்விடும்.

அவர் மனைவி பூவாத்தாளுக்கும் அதே முப்பத்தெட்டுதான். மனுசனுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பசிக்கிறது. ஆகவே மூன்று காலைச் சாப்பாடு, மூன்று மதியச் சாப்பாடு, மூன்று இரவுச் சாப்பாடு. இதற்கு நடுவே மூன்று தடவை வாசல் கூட்டி, இரண்டு தடவை மாவாட்டி, ஒன்பது தடவை தேநீர் போடவேண்டும். ஒரு நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே அவளுக்கு அழுகை வந்தது. எந்தக் கோழியில் அழலாம் என்று பார்த்தாள். ஒன்றைத் தவிர எதிலும் ஒழிவில்லை, அந்த ஒன்றை அழுகைக்குக் கொடுக்க மனமில்லை. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு ஆறாவது வேளைக்கு உலை வைத்தாள்.

ஒரே ஒரு கோழிதான் அவளுடையது. மொட்டைக் கழுத்துக் கோழி. முட்டையும் சரியாக வைக்காது, பார்க்கவும் சகிக்காது. அதன் மணி நேரத்தில் மூன்றாவது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். தெய்வசிகாமணி தூங்கிக்கொண்டிருப்பார். பூவாத்தாள் பின்வாசல் படியில் காலை நீட்டி உட்காருவாள். அவ்வளவுதான். எதையும் நினைக்கக்கூட மாட்டாள். அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற முப்பத்தேழையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். அது இல்லாவிட்டால் தான் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் அரசாங்கத்தைத் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து ஒரு நாள் சொன்னாள்.

"ஏனுங்க, கோழியக் கொறைக்கோணுங்க. என்னால முடியலீங்க."

"அதுக்கென்ன புள்ள, கொறைச்சர்லாம்" என்றார் தெய்வசிகாமணி. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. "எத்தன?"

"பத்து வெச்சுக்கலாம்னு பாத்தனுங்க."

"ஒண்ணக் கொறைச்சர்லாம்" என்றார் அவர்.

எந்த ஒன்று என்று முடிவு செய்ய நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து காட்டினாள். செவலை, அவருடைய முதல் தேநீர். அதை எப்படி விடுவது. கருப்பி, முதல் தேநீருக்குப் பின் அவர் செய்தித்தாள் பார்க்கிற தேநீர். புள்ளிக் கோழி அவர் தூங்குகிற நேரம். சாம்பல் கோழி, தூங்கி எழுந்த அசதி தீர அவர் மறுபடி படுக்கிற நேரம். முப்பத்தேழும் இப்படி ஒன்றைவிட ஒன்று முக்கியமாகப் போயின. கடைசியில் மொட்டைக் கழுத்தைக் காட்டினாள்.

"இதோட நேரத்துல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கறதில்லீங்க."

"அப்பறமென்ன, இதையே உட்ரு. பாரு, எவ்வளவு சுளுவா முடிஞ்சுது."

பூவாத்தாள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், அடுத்த வேளைக்கு நேரமாகியிருந்தது.

வேண்டாத கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட முடியாது. நேரத்தைக் கொல்வது அந்த ஊரில் குற்றம். கால்நடை ஆய்வாளர் சென்னியப்பன் வந்து, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாதுகாப்புக்காகத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார். மக்களின் நேரத்தை அதிகாரி தன் வீட்டில் வைத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். வைத்துக்கொள்ளும் கோழிகள் ஒன்று, விட்டுவிடும் கோழிகள் மற்றொன்று. எழுதுவதற்குத் தெய்வசிகாமணியிடம் கோழி இல்லாததால் பூவாத்தாள்தான் எழுதினாள். முதல் கட்டத்தில் ஒரு பெயர் எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் எழுதிக்கொண்டே போனாள், இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினாள். எழுத்து முத்துமுத்தாக வந்தது.

ஆறாவது தேநீரின்போது அவரிடம் நீட்டினாள். மொட்டைக் கழுத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்த்தார். இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

சென்னியப்பன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"முப்பத்தேழுங்களா?"

"ஆமாங்க" என்றாள் பூவாத்தாள்.

"ரெண்டு நடை அடிக்கோணும்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

ஆறாவது தேநீர்க் கோழியைக் கூடையில் போட்டபோது தெய்வசிகாமணி டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தார். அந்த நேரம் போய்விட்டதால் டம்ளரை வைத்துவிட்டு அடுத்த நேரத்துக்குப் போய் அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார். பாதித் திட்டில் அந்தக் கோழியும் போனது. வெற்றிலைக்குப் போனார், சுண்ணாம்பு தடவுவதற்குள் அதுவும் போனது. இப்படியே ஒவ்வொரு நேரமாக நகர்ந்து நகர்ந்து, இரண்டாவது நடை வண்டி கிளம்பும்போது கட்டிலுக்கு வந்து சேர்ந்து, படுத்துத் தூங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டின் நாள் ஒரு மணி நேரம். பஞ்சாரத்தைத் தூக்கினால் மொட்டைக் கழுத்து வரும். மூன்றாவது மதியச் சாப்பாடு எப்போதும் முடிந்தே இருக்கும். பாத்திரங்கள் கவிழ்ந்தே இருக்கும். தெய்வசிகாமணி தூங்கிக்கொண்டே இருப்பார். பூவாத்தாள் காலை நீட்டி உட்காருவாள். சந்தோஷமாக இருந்தாள். ஊரார் பதினைந்து நாளில் கழிக்கிற நேரத்துக்குள் அவளுக்கு ஒரு வருடம் ஓடி அடுத்த தீபாவளி வந்தது, பலகாரம் சுடுகிற நேரம் கைவசம் இல்லாததால் அவள் சுடவில்லை. வயது மளமளவென்று கூடியது. அதையும் அவள் பொருட்படுத்தவில்லை. முப்பத்தெட்டு மணி நேரத்தில் கூடிய வயதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

சென்னியப்பன் வீட்டில் ஏற்கெனவே இருபத்து நான்கு கோழிகள். இப்போது அறுபத்தொன்று. வந்த கோழிகள் தங்கள் பழக்கத்தோடு வந்திருந்தன. ஆய்வாளர் புதிதாக ஒன்பது தேநீர் குடிக்கவும், தன் சம்பளம் வருகிற அரசாங்கத்தையே ஏழு மணி நேரம் திட்டவும் தொடங்கினார். ஆளும் சற்றுப் பூசினாற்போல் ஆனார்.

ஒரு நாள் பூவாத்தாள் வீட்டுப் பின்வாசல் படலைத் திறந்துகொண்டு அவர் மனைவி வளர்மதி வந்தாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. சேலை முந்தானைக்குள் ஒரு வெள்ளைக் கோழியை மறைத்து வைத்திருந்தாள்.

"அக்கா, நானும் செத்த நேரம் உக்காந்துக்கட்டுங்களா?"

"வா அம்மிணி" என்றாள் பூவாத்தாள். "அது எந்த மணி?"

"மணியில்லீங்க்கா. எங்கம்மா ஊட்ல இருந்து கொண்டாந்தது. இது என்னோட பத்தொம்பதாவது வயசு. அவருகிட்டக் கணக்குல காட்டாம வெச்சிருந்தேன்."

பூவாத்தாள் நகர்ந்து படியில் இடம் விட்டாள்.

"கீழ உடு. மொட்டக் கழுத்து ஒண்ணுஞ் செய்யாது."

வளர்மதி கோழியைத் தரையில் இறக்கினாள். அது இறகை உதறிக்கொண்டு நாலு தப்படி நடந்து மண்ணைக் கிளறியது. வளர்மதி தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கருகருவென்ற பின்னலைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.